தொப்பி வராத காலை

என் மாமனார் மா சாங்பில் மதியம் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போனார். வாற்கோதுமைச் சோற்றில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, பச்சை மிளகாயைச் சோயா விழுதில் தொட்டுக் கடித்து, கிண்ணத்தைக் காலி செய்து என் பக்கம் தள்ளினார். வானொலியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேற்கிலிருந்து காற்று வரும் என்றார்கள்.

"தண்ணியத் தாழ்த்திட்டியா?" என்று கேட்டார்.

"காலையிலயே தாழ்த்தியாச்சு மாமா."

சுவரில் சாய்ந்தார். நான் கிண்ணத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கிண்ணம் கையில் ஈரமாக இருந்தது. துடைத்து அலமாரியில் கவிழ்த்தேன். அப்புறம்தான் பக்கத்து வீட்டு மான்போக் அண்ணனைக் கூப்பிடப் போனேன்.

மான்போக் அண்ணன் ஓடிவந்து பார்த்துவிட்டு, மாமனாரின் சட்டையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு கூரை மேல் ஏறினார். வடக்கே பார்த்து நின்று சட்டையை ஆட்டி, "மா சாங்பில், திரும்பி வா!" என்று மூன்று முறை கூவினார். போகிற உயிரைக் கூப்பிட்டுப் பார்க்கிற வழக்கம். அந்த ஊரில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எல்லாருக்கும் அவர் பெரியவர்தான். பேர் காதில் விழுந்ததும் வயலில் நின்றவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். செய்தி சொல்ல வேறு ஆளே தேவைப்படவில்லை.

எங்கள் ஹாசோக் சின்ன ஊர். மலையடியில் ஒரு குளம், அதிலிருந்து ஒரே வாய்க்கால், மேலே கொஞ்சம் வயல், கீழே கொஞ்சம் வயல். நான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் நடவு நேரம் வந்தால் மேல்வயல்காரனும் கீழ்வயல்காரனும் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு வருடம் மழை பொய்த்தது. எங்கள் வயல் குளத்துக்குப் பக்கத்தில். நாங்கள் முதலில் நிரப்பிக்கொண்டால் கேட்பார் கிடையாது. மாமனார் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் மடையில் கல்லை வைத்து அடைத்துவிட்டு, கடைசி வயலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தண்ணீர் கட்டிக்கொண்டே மேலே வந்தார். எங்கள் முறை வந்தபோது குளத்தில் சேறுதான் இருந்தது.

அப்போது என் மாமியார் உயிரோடு இருந்தாள். "ஊருக்கெல்லாம் அரிசி, நம்ம வீட்டுக்கு வைக்கோல். மாட்டுக்குப் பக்கத்துலயே கிண்ணம் வைக்கட்டுமா?" என்று அந்த வருடம் முழுக்க வறுத்தெடுத்தாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் தண்ணீர்ப் பங்கை ஊர் அவர் கையில் கொடுத்துவிட்டது. உனக்கு இன்றைக்கு, அவனுக்கு நாளைக்கு என்று அவர் சொன்னால் சொன்னதுதான். முப்பது வருடம் ஹாசோக்கில் தண்ணீருக்காக ஒரு மண்டையும் உடையவில்லை. அவர் வரப்பில் வந்தால் எதிரில் வருகிறவன் தொப்பியைக் கழற்றித் தலை குனிவான்.

ஊருக்குப் பெரிய மனிதர். வீட்டுக்குள் கூட இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். பேசமாட்டார். மருந்து தின்னமாட்டார். குழம்பு ஆறிவிட்டால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். என் வீட்டுக்காரர், அவருடைய இரண்டாவது பிள்ளை, பவர் டில்லர் வரப்பில் கவிழ்ந்து செத்தபோது என் மகள் போரா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அம்மா வீட்டுக்குத் திரும்பிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் காலையில் என் அறை வாசலில் ஒரு மண்வெட்டி சாத்தியிருந்தது. என் கைக்குத் தகுந்தாற்போலக் காம்பைச் சீவியிருந்தார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன ஆறுதல். நான் அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பனிக்காலத்தில் அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வரும். நடவு நெருங்கியபோது அவருடைய அகலமான வைக்கோல் தொப்பியை என் மடியில் போட்டார்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போ. கோட்டையும் மாட்டிக்க."

"எதுக்கு மாமா? என் தொப்பி இருக்கே."

"தண்ணி பாக்கிறவன் படுத்துட்டான்னு தெரிஞ்சா நாளைக்கே மேல இருக்கிறவனும் கீழ இருக்கிறவனும் அடிச்சுக்குவானுங்க."

"யாராவது பேச்சுக் குடுத்தா என்ன பண்றது?"

"நான் என்னிக்கு யார்கூடப் பேசியிருக்கேன்? மண்வெட்டியத் தூக்கிக் காட்டு, போதும்."

இரண்டு நடவுக்கு அப்படித்தான் போனேன். தொப்பி, கழுத்தையும் வாயையும் சுற்றித் துண்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் அவருடைய பழைய மழைக்கோட்டு. விடிகிற நேரத்தில் குளத்து மடையைத் திறந்து, யாருக்கு எவ்வளவு என்று அவர் சொல்லிக் கொடுத்தபடி விட்டுக்கொண்டு வருவேன். தூரத்து வரப்பிலிருந்து மான்போக் அண்ணன் தொப்பியைக் கழற்றி, "பெரியவரே, வெள்ளனவே வந்தாச்சா?" என்று குரல் கொடுப்பார். மண்வெட்டியை உயர்த்திக் காட்டுவேன். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. அப்புறம் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிவிட்டு, ஊர்ப் பெண்களோடு கிணற்றடியில் நின்று, "பெரியவருக்கு இந்த வயசுலயும் என்ன தெம்பு!" என்று அவர்கள் வியப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "போரா அம்மா, மாமனாருக்கு நல்லா ஆக்கிப்போடு. பாவம், வரப்புல நடந்து நடந்து கால் தேயுது" என்பார் மான்போக் அண்ணன். தேய்ந்தது என் கால். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லவா முடியும்?

அவர் செத்ததற்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் வயலில் நடவு முடிந்திருந்தது. இயந்திரம் நட்ட சின்ன நாற்று. வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும், ஏறினால் பிடுங்கிக்கொண்டு மிதந்துவிடும். அதைத்தான் அவர் கடைசியாகக் கேட்டார்.

இன்சோன் நகரத்திலிருந்து என் வீட்டுக்காரரின் அண்ணனான மூத்தாரும் ஓரகத்தியும் அன்று சாயங்காலமே வந்துவிட்டார்கள். மூத்தார் அங்கே தரை ஓடு விற்கும் கடை வைத்திருக்கிறார். பிரேதம் வீட்டில் கிடக்கும்போது மருமகள்கள் வாசல் தாண்டக் கூடாது. எனக்குச் சணல் துணியில் பாவாடையும் சட்டையும் மாட்டிவிட்டு, இடுப்பில் வைக்கோல் கயிற்றைக் கட்டி, பிரேதத்தை மறைத்த திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஓரகத்தி வந்த வேகத்தில் மாமனாரின் துணிமணிகளை வாரி மூலையில் குவித்தாள். அடக்கம் முடிந்ததும் எரிக்க வேண்டியவை. குவியலின் உச்சியில் தொப்பியும் கோட்டும் இருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருகிறவர்கள் வந்து தரையில் விழுந்து வணங்கும்போதெல்லாம் நாங்கள் "ஐகோ, ஐகோ" என்று குரல் எடுத்து அழ வேண்டும். எனக்கு வரவில்லை. வாய் அசைந்தது, சத்தம் எழவில்லை. ஊர்ப் பெண்கள் சமையல் கட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஓரகத்தி என் தொடையில் இடித்தாள்.

"கொஞ்சமாவது அழேன். ஊரே பாக்குது."

"வரலக்கா."

"வரலன்னா வரவைக்கணும். நான் என்ன, பொங்கிப் பொங்கியா அழறேன்?"

அவள் குரல் அருமையாக இருந்தது. மரத்துப்போன காலை மடக்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. துக்கமா என்றால் அதுவும் இல்லை. மாட்டிறைச்சிச் சாறு கொண்டுவந்து வைத்தார்கள். வாயில் வைக்க முடியாத உப்பு. துக்க வீட்டில் யாரிடமும் கேட்கக் கூடாது என்று, உதவிக்கு வந்த ஒவ்வொருத்தியும் ஒரு கை உப்புப் போட்டிருக்கிறாள். முற்றத்தில் உட்கார்ந்தவர்கள் அரிசிக் கள்ளைக் குடித்துக் குடித்து அதை உள்ளே தள்ளினார்கள்.

இரண்டாம் நாள் மூத்தார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் நல்லது செய்வதாகத்தான் அவர் நினைப்பு.

"போரா அம்மா, வயலைப் பத்தி யோசிச்சேன். டவுன்ல ஒருத்தர் ஸ்ட்ராபெர்ரி போடறாரு. குத்தகைக்குக் கேட்கிறாரு. நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் பேசி முடிச்சிடலாம்."

"நாத்து நட்டாச்சே அத்தான்."

"நட்டா போதுமா? தண்ணி பாக்க வேணாமா? அப்பா இருந்தாரு, பார்த்தாரு. இனிமே இந்த வீட்டுல தண்ணி பாக்கத் தெரிஞ்சவங்க யாரு, நீயா?" என்று சிரித்தார். "நீ எங்ககூட வந்துடு. பொண்ணும் பூசான்ல வேலைக்குப் போயிட்டா. இங்க தனியா என்ன பண்ணப் போற? உங்க அக்காவுக்கும் முட்டி வலி."

யாருடைய முட்டி வலிக்கு யார் மாவு பிசையப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு இன்சோன் வேண்டாம், அந்த வயல் வேண்டும். இரண்டு வருடமாக நான்தான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் முற்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. பெரியவர் எண்பது வயதிலும் விடியலில் வரப்பில் நின்றார் என்று அந்த நிமிடம்கூட ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். பாடை ஏறுவதற்கு முன்னால் அவரை அவர்கள் முன் பொய்யராக்குவதா? வாயை மூடிக்கொண்டேன். வெளியே காற்று பலமாக அடித்தது. நாற்று ஞாபகம் வந்தது. காலையிலேயே தாழ்த்தியாச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பூப்பாடை கிளம்பியது. ஊர் ஆண்கள் தோள் கொடுத்தார்கள். மான்போக் அண்ணன் முன்னால் மணியை ஆட்டிக்கொண்டு பாடினார். எங்கள் பக்கம் மணிக்காரர் பாடுவது தன் பாட்டு அல்ல, பாடையில் இருக்கிறவரின் பேச்சு. 'நான் போகிறேன், வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று செத்தவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் சொல்லுவார். தூக்குகிறவர்கள் ஒவ்வொரு அடிக்கும் "ஓஹோ, ஓஹோய்" என்று பதில் கொடுப்பார்கள். மலைக்குப் போகும் வழியில் செத்தவருடைய வயலோரம் பாடையை இறக்கிக் கடைசியாக ஒரு படையல் வைக்க வேண்டும்.

பாடையை இறக்கினார்கள். நான் நிமிர்ந்து வயலைப் பார்த்தேன்.

வயலில் நாற்றே இல்லை. குளம் மாதிரித் தண்ணீர் வரப்பு விளிம்பைத் தொட்டு நின்றது. காற்று தள்ளிய நாற்றெல்லாம் கிழக்கு மூலையில் பச்சைப் பாயாகச் சுருண்டு கிடந்தது. நடுவில் அங்கங்கே நுனி மட்டும் தெரிந்தது. அதுவும் இன்னும் கொஞ்ச நேரத்தில் பிடுங்கிக்கொள்ளும்.

"பாருங்க" என்றார் மூத்தார், படையல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. குரல் உடைந்திருந்தது. "அப்பா போய் மூணு நாள் ஆகல. அவர் வயல் அவரோடவே போயிடுச்சு. நான் சொன்னேன்ல, போரா அம்மா? தண்ணி பாக்க ஆள் இல்ல."

வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் வடியும். ஆனால் அடக்கம் முடியாத வீட்டின் வரப்பில் எங்கள் ஊரில் எவனும் மண்வெட்டி போடமாட்டான். இன்னொரு வழி இருந்தது. தெற்கு வரப்புக்குக் கீழே மாமனார் எப்போதோ பதித்த மண்குழாய். வாயில் வைக்கோல் சுற்றிய கல்லைச் செருகி அடைத்திருக்கும். தண்ணீருக்குள் இருப்பதால் வெளியில் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாடையில் இருந்தார்.

நான் போய் அதைத் திறந்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். திறக்காவிட்டால் மிச்சமிருக்கிற நாற்றும் போய்விடும், மூத்தார் சொன்னது மெய்யாகிவிடும். யோசித்தேன் என்று சொல்ல முடியாது. கால் தானாக இறங்கிவிட்டது.

"போரா அம்மா!" மூத்தார் கத்தினார். "என்ன பண்ற? பாடை நிக்குது! அப்பா பாத்துக்கிட்டு இருக்காரு!"

"ஐயோ, துக்கத் துணியோட சேத்துல எறங்கறாளே!" என்று ஓரகத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சணல் பாவாடை தண்ணீரைக் குடித்துக் கனத்தது. தெற்கு வரப்பை ஒட்டி நடந்தேன். மூன்றாவது வளைவில் குனிந்து, தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். கல் கிடைத்தது. கன்னம் தண்ணீரில் பட்டது. ஒரே இழுப்பில் பிடுங்கினேன். குழாய் கடகடவென்று குடித்தது, வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அப்படியே நடந்து மேல் மடைக்குப் போய், அகலத் திறந்து கிடந்த வாயைக் கல்லாலும் சேற்றாலும் அடைத்தேன். எல்லாக் கண்ணும் என் முதுகில் இருந்தது தெரிந்தது. முடிந்தது, அவர் மானத்தை நானே தண்ணீரில் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. வெறுமனே நின்றேன்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. மான்போக் அண்ணன் பாடையின் முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டை எடுத்தார்.

"எழும்பிப் போற நேரமாச்சு, எம் மக்கா கேளுங்க…"

"ஓஹோ, ஓஹோய்" என்றார்கள் தூக்கிகள்.

"ரெண்டு நடவா என் காலு வரப்பு மிதிக்கல…"

"ஓஹோ, ஓஹோய்."

"வரப்புல போன தொப்பி என்னுது, தொப்பிக்குள்ள தல என்னுதில்ல…"

"ஓஹோ, ஓஹோய்."

"தல என் சின்ன மருமகளுது, தண்ணியும் இனி அவளுது…"

"ஓஹோ, ஓஹோய்!"

ஒருத்தன் குரலும் தடுமாறவில்லை. ஒருவன்கூட வாயைப் பிளக்கவில்லை. பன்னிரண்டு பேரும் பழக்கப்பட்ட பாட்டுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இரண்டு வருடமாக எதிரில் நின்று தொப்பியைக் கழற்றியிருக்கிறார்கள்.

மூத்தாரின் முகம் சிவந்துவிட்டது. "என்ன மான்போக் அண்ணே இது? இதெல்லாம் பாட்டுல வருமா?"

"நான் எங்க தம்பி சொன்னேன்? பாடையில இருக்கிறவரு சொன்னாரு. சந்தேகம்னா அவர்கிட்டயே கேட்டுக்க."

தூக்கிகளில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். மூத்தார் பாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படையல் தட்டைக் கீழே வைத்தார். அப்பாவின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை. "வெளிய வா போரா அம்மா, வழுக்கும்" என்று கையை நீட்டினார். குத்தகைப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

வரப்பில் ஏறினபோது மான்போக் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். "எப்பத்திலருந்து தெரியும்?"

"முத நாள்லயே. பெரியவர் முற்றத்துல இடது காலைத் தேச்சு நடக்கிறத வேலி வழியா முன்னமே பாத்திருந்தேன். தொப்பி துள்ளிக்கிட்டில்ல போச்சு."

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"பெரியவரு சொல்லலையே. நாங்க எப்படிச் சொல்றது?"

"அப்ப இந்தத் தண்ணிய யாரு தொறந்தது?"

அவர் தலையைச் சொறிந்தார். "அவரு போன மறுநாள் காலையில தொப்பி வரல. நீ வாசல் தாண்ட முடியாதுன்னு தெரியும். தண்ணி வேற மட்டமா நின்னுச்சு. சரின்னு யாருக்கும் சொல்லாம ஒரு கை தொறந்துவிட்டேன். எல்லாப் பயலும் அதே மாதிரி ஆளுக்கு ஒரு கை தொறப்பான்னு எனக்கு என்ன தெரியும்?"

சாற்றுக்கு உப்புப் போட்ட மாதிரியே. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

மலையில் அவரை இறக்கி மண் போட்டோம். திரும்பி வந்து வாசலுக்கு வெளியே நெருப்பு மூட்டினார்கள். ஓரகத்தி துணிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். தொப்பி கைக்கு வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் முறையாக அவள் குரல் தணிந்திருந்தது.

"இது உனக்கு வேணுமா?"

தொப்பியின் உள்பட்டையில் அவர் வியர்வையின் பழுப்பு இருந்தது, என் நரைமுடி ஒன்றும் ஒட்டியிருந்தது.

"வேணாம்க்கா. போட்டுடுங்க" என்றேன்.

நன்றாகப் பிடித்து எரிந்தது.

அடக்கம் முடிந்தாலும், அதிலிருந்து மூன்றாம் நாள் செய்யும் சடங்கு வரைக்கும் வீட்டுக்காரர்கள் வயலில் கால் வைக்கக் கூடாது. இருந்தும் மறுநாள் விடிந்ததும் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தலையில் ஒன்றுமில்லை. வயலில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. எங்கள் வரப்பு நெடுக, ஆள் ஆளுக்கு வீட்டில் மிஞ்சிய நாற்றுத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேறு வேறு உயரம், வேறு வேறு பச்சை. கையால்தான் ஊன்ற வேண்டும். இடுப்பு ஒடிந்துவிடும். மூலையில் சுருண்டு கிடந்ததிலும் பாதி பிழைக்கும் போலிருந்தது.

எதிர் வரப்பில் மான்போக் அண்ணன் வந்தார். என்னைப் பார்த்து நின்றார். தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்தார்.

"வெள்ளனவே வந்தாச்சா?"

பழக்கத்தில் மண்வெட்டியைத் தூக்கினேன். பாதியில் கை நின்றது. இனிமேல் எதற்கு? மண்வெட்டியைக் கீழே ஊன்றிக்கொண்டு, இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த வரப்பில் நின்று வாயைத் திறந்தேன்.

"வந்துட்டேண்ணே!" என்று அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அழுதேன்.